கதைப்புத்தக ப்ரீஸ்கூல் பாக்ஸ் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் பையனுக்கு மூணேமுக்கால் வயசு இருக்கறப்ப, கதைப்புத்தகத்த வச்சே வீட்ல ப்ரீஸ்கூல் நடத்திரலாம்னு முடிவு பண்ணி ஒரு கம்பெனியோட முழு செட்டையும் வாங்கினேன், முப்பது புக்குக்கு மேல, கூடவே தடியா ஒரு கைடு, அதுல திங்கள் செவ்வாய்னு கட்டம் போட்டு எந்த நாளு எந்த புக்கு, படிச்சு முடிச்சதும் என்ன கேள்வி கேக்கணும்னு எல்லாமே எழுதியிருந்துச்சு. மூணாவது வாரம் அவன் புக்க மூடி மடியில வச்சுக்கிட்டு "கேள்வி கேக்காம படிம்மா"ன்னான். அன்னிக்குத்தான் நான் எதெல்லாம் தப்பா தேர்ந்தெடுத்திருக்கேன்னு ஒண்ணொண்ணா பாக்க ஆரம்பிச்சேன். நாங்க இருக்கறது அமெரிக்கால டெக்சாஸ், டல்லாஸ் பக்கம், இங்க இருக்கற தமிழ் அம்மாக்களும் சரி, ஊர்லேர்ந்து கேக்கற ஃப்ரெண்ட்ஸும் சரி, கிட்டத்தட்ட அதே தப்ப பண்றத பாக்கறப்ப மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

முதல்ல இது என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஒர்க்‌ஷீட், ஃப்ளாஷ் கார்டுக்கு பதிலா நல்ல பிக்சர் புக்ஸ சத்தமா படிச்சுக் காட்டி, அந்தக் கதைய சுத்தியே எண்றது, வரையறது, சமைக்கறது, வெளிய போய் பாக்கறதுன்னு கொண்டு போற முறை. அமெரிக்கால இதுல ரொம்ப பேசப்படறது சன்லைட் (Sonlight, 1990ல ஆரம்பிச்சது), ஃபைவ் இன் எ ரோ, அதோட சின்னப் பிள்ளைங்களுக்கான பிஃபோர் ஃபைவ் இன் எ ரோ, புக்‌ஷார்க், அப்புறம் முழுக்க ஃப்ரீயா கிடைக்கற ஆம்பிள்சைட் ஆன்லைன். ஒவ்வொண்ணும் வேற வேற குணம். ஒண்ணு நிறைய புக்க நாள்கணக்கா பிரிச்சுக் குடுக்கும், இன்னொண்ணு ஒரே புக்க வாரம் முழுக்க படிக்கச் சொல்லும், ஆம்பிள்சைட்காரங்க ஆறு வயசுக்கு முன்னாடி பாடமே வேணாம், இந்தாங்க ஒரு புக் லிஸ்டுன்னு நிறுத்திக்குவாங்க.

பெரிய தப்பு எதுன்னு கேட்டா, நாம கைடோட சாம்பிள் பக்கத்தப் பாத்து முடிவு பண்றதுதான். கைடு நமக்காக எழுதினது, பிள்ளைக்கு இல்ல. அது அழகா இருந்தா நமக்கு நிம்மதியா இருக்கும், ஆனா பிள்ளைக்கு முன்னாடி வந்து நிக்கப்போறது புக்கு மட்டும்தான். அதனால புக் லிஸ்ட எடுங்க, பெரும்பாலான ப்ரோக்ராம்ல லிஸ்ட் வெளிப்படையாவே இருக்கும், அதுலேர்ந்து ஒரு அஞ்சு புக்க லைப்ரரில ஹோல்ட் போட்டு, அதாவது நமக்குன்னு எடுத்து வைக்கச் சொல்லி, வாங்கிட்டு வாங்க. ஒரு வாரம் எந்த ஷெட்யூலும் இல்லாம சாயங்காலம் படுக்கறதுக்கு முன்னாடி படிங்க. எத அவனே தூக்கிட்டு திரும்ப வர்றான், எத தொடவே மாட்டேங்கறான்னு பாருங்க. அஞ்சுல ரெண்டு மூணு திரும்பி வந்தா அந்த ப்ரோக்ராம் பக்கம் யோசிக்கலாம், ஒண்ணுமே வரலைன்னா பிள்ளை மேல தப்பு இல்ல, லிஸ்ட்டு அவனுக்கு ஒத்துவரல, அவ்ளோதான். சென்னைல இருக்கறவங்களுக்கு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல, மதுரைல இருக்கறவங்களுக்கு 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல குழந்தைங்க பகுதி இருக்கு, பிள்ளைய கூட்டிட்டுப் போய் அங்கயே உக்காந்து படிச்சுப் பாக்கலாம். லிஸ்ட்ல இருக்கற அதே புக்கு கிடைக்கணும்னு இல்ல, அந்த மாதிரி நீளம், அந்த மாதிரி கதை பிடிக்குதான்னு தெரிஞ்சாலே போதும்.

அடுத்தது லெவல். நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒரு அவசரம் இருக்கு. பையன் மூணு வயசுலயே ஏபிசிடி சொல்றான், நூறு வரைக்கும் எண்றான், அப்ப நாலு அஞ்சு வயசு செட்டே வாங்கிரலாம்னு. எழுத்து தெரியறது வேற, நீளமான கதைய படம் கொஞ்சமா இருக்கற பக்கத்துல காதால பிடிச்சு வச்சுக்கறது வேற. மேல் லெவல் போகப்போக பக்கத்துக்கு எழுத்து ஜாஸ்தியாகும், படம் குறையும், கதைல சாவு, பிரிவு, பயம்னு கனமான விஷயமும் வரும். மூணு வயசுக்கு அத தாங்கற பிள்ளையும் உண்டு, ராத்திரி தூக்கத்துல அழுவற பிள்ளையும் உண்டு. சந்தேகமா இருந்தா கீழ் லெவலையே எடுங்க, நல்ல பிக்சர் புக்க அஞ்சு வயசுலயும் ஆறு வயசுலயும் கேப்பாங்க, எதுவும் வீணாப் போகாது.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒரு தப்பு நடக்கும். ப்ரதம் புக்ஸ்காரங்களோட ஸ்டோரிவீவர்ங்கற கதை வெப்சைட்ல லெவல் 1, 2ன்னு போட்டிருக்கும், நம்ம பிள்ளை சின்னதாச்சேன்னு லெவல் 1 மட்டும் படிச்சுக் காட்டிட்டு இருப்பாங்க. அந்த லெவல் பிள்ளை தானா எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்கு வச்சது, 250 வார்த்தைக்குள்ள முடிஞ்சுரும். நாம படிச்சு அவங்க கேக்கறப்ப அதவிட பெரிய கதையே பிடிபடும், லெவல் 2 தாராளமா எடுக்கலாம்.

எத்தனை புக்குங்கறதுலயும் ஏமாந்துருவோம். நூறு புக்கு இருக்கற செட்டு அம்பது இருக்கறதவிட நல்லதுன்னு தோணும். 2011ல இங்கிலாந்து சசெக்ஸ் யூனிவர்சிட்டில ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, மூணு வயசுப் பிள்ளைங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு ஒரே கதைய திரும்பத் திரும்ப, இன்னொரு குரூப்புக்கு வேற வேற கதை, ஆனா ரெண்டு பக்கமும் புது வார்த்தைங்க காதுல விழறது ஒரே அளவு. ஒரே கதைய கேட்ட பிள்ளைங்கதான் புது வார்த்தைய நல்லா பிடிச்சு வச்சிருந்தாங்க. யோசிச்சுப் பாத்தா இது நமக்கு புதுசே இல்ல, பாட்டிகிட்ட காக்கா நரி வடை கதைய எத்தனை தடவ கேட்டிருப்போம், முடிவு தெரிஞ்சும் கேட்டோம். அதனால ஒரு ப்ரோக்ராம் தினம் ரெண்டு புது புக்குன்னு ஓட்டுச்சுன்னா நிதானமா யோசிங்க. ஃபைவ் இன் எ ரோவோட பேரே அதுதான், ஒரே புக்க தொடர்ந்து அஞ்சு நாள். எனக்கு இப்ப அந்த முறைதான் சின்னப் பிள்ளைங்களுக்கு ஒத்துவருதுன்னு படுது.

இப்ப அந்த கேள்வி விஷயம். கைடுல கதை முடிஞ்சதும் பத்து கேள்வி குடுத்திருப்பாங்க, நாம பரீட்சை மாதிரி வரிசையா கேப்போம், கரடி என்ன கலர், எத்தனை பழம், யார் வந்தாங்க. பிள்ளைக்கு புக்குன்னாலே பரீட்சைன்னு ஆயிடும். கேள்வியே கேக்கக்கூடாதுன்னு சொல்லல, 1988ல க்ரோவர் வைட்ஹர்ஸ்ட்னு ஒருத்தரும் அவரோட டீமும் ரெண்டு வயசு ரெண்டரை வயசுப் பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு ஒரு மாசம் வேற மாதிரி படிச்சுக் காட்ட சொல்லிக் குடுத்தாங்க, பிள்ளைய பேச விடறது, அது ஒரு வார்த்தை சொன்னா அதோட இன்னும் ரெண்டு வார்த்தை சேத்து நாம திருப்பிச் சொல்றது, அந்தப் பிள்ளைங்களோட பேச்சு நல்லாவே முன்னேறிச்சு. பிள்ளை "நாய்"ங்கறான், நாம "ஆமா, நனஞ்சு போன நாய், பாவம் குளிருது"ங்கறோம், அவ்ளோதான் விஷயம். இது கதைக்கு நடுவுல பேச்சா வரணும், கதை முடிஞ்சப்புறம் டெஸ்டா வரக்கூடாது. முதல் தடவ படிக்கறப்ப ஒண்ணுமே கேக்காதீங்க. மூணாவது நாலாவது தடவ அவனே கேப்பான், அங்கேர்ந்து பிடிச்சுக்கோங்க. கைடுல இருக்கற கேள்விய நீங்க முன்னாடியே படிச்சு மனசுல வச்சுக்கிட்டா போதும்.

ஷெட்யூல் பத்தி சுருக்கமா சொல்றேன். கட்டத்துக்கெல்லாம் டிக் போட்டே ஆகணும்னு இல்ல, ஒரு வார ப்ளான் ரெண்டு வாரம் ஆனா ஒண்ணும் குடி முழுகாது. இந்த முறைக்கே பெரிய ஆதாரம் சார்லட் மேசன்ங்கற இங்கிலாந்து டீச்சர், 1842லேர்ந்து 1923 வரைக்கும் வாழ்ந்தவங்க, ஆறு வயசுக்கு முன்னாடி முறையான பாடம் வேணாம்னு சொன்னவங்க, வெயில் காலத்துல தினம் நாலு மணி நேரமாவது பிள்ளை வெளிய இருக்கணும்னாங்க. அது அவங்க ஊர் வெயில். டெக்சாஸ் ஆகஸ்டுலயோ வேலூர் மே மாசத்துலயோ அத அப்படியே எடுத்தா பிள்ளை சுருண்டுரும், காலைல ஏழு மணிக்கு ஒரு நடை, சாயங்காலம் மொட்டைமாடின்னு நம்ம ஊருக்கு மாத்திக்கணும்.

எழுத்து எப்ப கத்துக் குடுக்கறதுன்னு எல்லாரும் கேப்பாங்க. கதைப்புத்தக ப்ரோக்ராம் பலதுல எழுத்துப் பாடம் தனியா இருக்காது, இருந்தாலும் லேசா இருக்கும், அத எதிர்பாத்து வாங்கிட்டு ஏமாறாதீங்க. கதை கேட்டா படிக்க தானா வந்துரும்னும் நம்பிராதீங்க, பெரும்பாலான பிள்ளைங்களுக்கு எழுத்தோட சத்தத்த முறையா சொல்லிக்குடுக்கணும், ஆனா அதுக்கு நாலு வயசுல அவசரம் இல்ல.

மதம் விஷயத்தையும் வாங்கறதுக்கு முன்னாடியே பாத்துருங்க. சன்லைட், ஆம்பிள்சைட் ரெண்டும் கிறிஸ்தவ நம்பிக்கைல கட்டினது, பைபிள் படிக்கறது ப்ளான்லயே வரும், அந்த நம்பிக்கை உள்ள குடும்பத்துக்கு அது பெரிய ப்ளஸ். வேணாம்னு நினைக்கறவங்க சன்லைட் வழில வந்த, ஆனா மதம் கலக்காத புக்‌ஷார்க் மாதிரி எடுக்கலாம். பாதில தெரிஞ்சு ஒவ்வொரு நாளும் எத விடறது எத வைக்கறதுன்னு தவிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

இனிமே சொல்லப்போறதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். இந்த லிஸ்ட் எல்லாமே இங்கிலீஷ் புக்கு. பனி, மிட்டன்ஸ், ப்ளூபெர்ரி, களஞ்சியத்துல சிவப்பு பெயிண்ட். நல்ல புக்குதான், சந்தேகமே இல்ல, ஆனா நாள் முழுக்க அதுவே ஓடுச்சுன்னா வீட்ல இருக்கற தமிழ் மெதுவா நகந்து போயிரும், அதுவும் இங்க இருக்கற பிள்ளைங்களுக்கு. என் பையன் ஒரு வருஷத்துல ஊர்ல இருக்கற எங்க அம்மாகிட்ட வீடியோ கால்ல "கிராண்ட்மா, லுக்"குன்னு ஆரம்பிச்சப்ப எனக்கு வயித்த பெசஞ்சுச்சு. அதுக்கப்புறம் லிஸ்ட்ல பாதிய எடுத்துட்டு தமிழ் புக்க வச்சேன். சென்னை தூலிகா பதிப்பகத்துல தமிழ்ல பிக்சர் புக்ஸ் இருக்கு, தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்துல வர்றதும் இருக்கு, ஸ்டோரிவீவர்ல காசில்லாம எடுத்து ப்ரிண்ட் போட்டுக்கலாம், பாரதி புத்தகாலயத்தோட புக்ஸ் ஃபார் சில்ரன்ல கம்மி விலைல கிடைக்கும்.

தமிழ் புக்குல ஒரு சிக்கல் வரும், அதுக்கு தயாரா இருங்க. வீட்ல நாம பேசறது "வந்தாங்க, இருந்துச்சு", புக்குல இருக்கறது "வந்தார்கள், இருந்தது". பிள்ளைக்கு அது வேற பாஷை மாதிரி காதுல விழும், உடனே நாம என் பிள்ளைக்கு தமிழ் புக்கு பிடிக்கலைன்னு மூடி வச்சுருவோம். முதல் ரெண்டு தடவ நம்ம பேச்சுலயே மாத்திச் சொல்லுங்க, படத்த தொட்டுத் தொட்டு. கதை பழகினப்புறம் அச்சுல இருக்கறத அப்படியே படிங்க, அதுக்குள்ள கதை தெரிஞ்சுருக்கும்ங்கறதால அந்தத் தமிழும் உள்ள போயிரும். என் பொண்ணு இப்ப மூணு வயசு, பொம்மைக்கு கதை சொல்றப்ப மட்டும் "யானை சென்றது"ங்கறா, எங்கிட்ட பேசறப்ப "போச்சு"தான். இங்கிலீஷ் புக்கையும் படத்தப் பாத்து தமிழ்லயே சொல்லலாம், எங்க அம்மா வீடியோ கால்ல அப்படித்தான் சொல்றாங்க, ப்ளூபெர்ரிய நாவப்பழம்னு ஆக்கிட்டாங்க, பிள்ளைங்க ரெண்டும் அத ஏத்துக்கிச்சு.

சட்டம் பத்தி பயப்படறவங்களுக்கு: டெக்சாஸ்ல பள்ளிக்கூட கட்டாயம் ஆறு வயசுலதான் தொடங்குது, மத்த ஸ்டேட்ல வயசு மாறும், உங்க ஸ்டேட் ரூல பாத்துக்கோங்க. இந்தியால கல்வி உரிமைச் சட்டம் 2009 பேசறது 6லேர்ந்து 14 வயசு. நாலு வயசுப் பிள்ளைய வீட்ல வச்சு கதை படிக்கறதுக்கு ரெண்டு இடத்துலயும் யார்கிட்டயும் பேப்பர் குடுக்க வேண்டியதில்ல, சர்டிஃபிகேட் தர்றோம்னு யாராவது சொல்றத நம்பி தனியா காசு கட்டாதீங்க.

காசு பத்தி கடைசியா ஒண்ணு. கைடு தனியா விக்கற ப்ரோக்ராம்னா அத மட்டும் வாங்கிட்டு புக்க லைப்ரரில எடுங்க, திரும்பத் திரும்ப கேக்கற நாலஞ்ச மட்டும் சொந்தமா வாங்குங்க. செகண்ட் ஹேண்ட் செட்டு வாங்கறீங்கன்னா கைடு எந்த வருஷ எடிஷன்னு விக்கறவங்ககிட்ட கேட்டு போட்டோ வாங்கிப் பாருங்க, கம்பெனிங்க அப்பப்ப புக் லிஸ்ட மாத்துவாங்க, பழைய கைடுல இருக்கற புக்கும் கைல இருக்கற செட்டும் பொருந்தாமப் போனா வாரத்துக்கு ஒரு புக்கு தேடி அலையணும்.