முக்கியமான நாளுக்கு இன்னும் எத்தனை நாள்? பிழையின்றி எண்ணும் முறை

தேர்வு, பயணம், விண்ணப்பத்தின் கடைசித் தேதி என எதற்காக நாள்களை எண்ணினாலும், கணக்கில் நேரும் பிழை பெரும்பாலும் ஒரே ஒரு நாள்தான். கூட்டல் தெரியாததால் அது நேர்வதில்லை, முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்ப்பதா விடுவதா என்று முன்கூட்டியே முடிவு செய்யாததால் நேர்கிறது. 3ஆம் தேதி முதல் 10ஆம் தேதி வரை விடுப்பு எடுத்தால் இரண்டு தேதிகளும் உட்பட 8 நாள். 3ஆம் தேதியன்று நின்றுகொண்டு 10ஆம் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டால், இன்று நீங்கலாக 7 நாள். 3ஆம் தேதிப் பொழுது கழிந்த பிறகு, நிகழ்வுக்கு முன் ஆயத்தமாவதற்குக் கிடைக்கும் முழு நாள்களோ 6 மட்டுமே. மூன்று விடைகளும் சரியானவை, கேள்விகள்தான் வேறு.

மார்ச் 18 அன்று ஜூன் 5க்கு எண்ணுவதாகக் கொள்வோம். மார்ச்சில் மிஞ்சுவது 13 நாள், ஏப்ரலில் 30, மே மாதத்தில் 31, ஜூனில் 5, மொத்தம் 79. எல்லா மாதங்களையும் 30 நாளாகக் கொள்ளும் அவசரக் கணக்கு இங்கே 77 என்று காட்டி இரண்டு நாளை விழுங்கிவிடும். மாதங்களின் நீளம் நினைவில் நிற்காதவர்கள் கைமுட்டியை மடக்கி, மேடுகளை 31 நாள் மாதங்களாகவும் பள்ளங்களை மற்றவையாகவும் எண்ணலாம். ஜூலையில் கடைசி மேட்டை அடைந்ததும் ஆகஸ்டுக்கு மீண்டும் முதல் மேட்டிலிருந்து தொடங்க வேண்டும். பிப்ரவரிக் கடைசியைக் கடக்கும் கணக்கில் மட்டும் லீப் ஆண்டைக் கவனித்தால் போதும்.

கிடைத்த விடையைக் கிழமையால் சரிபார்ப்பது என் வழக்கம். 79ஐ 7ஆல் வகுத்தால் 11 வாரம் போக 2 நாள் மிஞ்சுகிறது. ஆகவே மார்ச் 18 செவ்வாயானால் ஜூன் 5 வியாழனாக இருக்க வேண்டும். நாள்காட்டி வேறு கிழமையைக் காட்டினால் எங்கோ தவறியிருக்கிறோம்.

எக்செல் போன்ற விரிதாளில் பிந்தைய தேதியிலிருந்து முந்தையதைக் கழித்தாலே விடை கிடைத்துவிடும், ஏனெனில் அது தேதிகளை வரிசை எண்களாகவே வைத்திருக்கிறது. விடை ஒரு தேதியைப் போலத் தோன்றினால் அந்தக் கட்டத்தின் வடிவத்தை எண்ணாக மாற்ற வேண்டும். 5/6 என்று உள்ளிட்டதை அது ஜூன் 5 என்று கொண்டதா, மே 6 என்று கொண்டதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கைபேசிச் செயலிகளில் சில, முழுமையான 24 மணி நேரங்களை மட்டுமே நாளாகக் கணக்கிடுவதால், மாலையில் பார்க்கும்போது நாள்காட்டிக் கணக்கைவிட ஒன்று குறைவாகக் காட்டக்கூடும். கடைசித் தேதி வேறொரு நாட்டின் நேரப்படி அறிவிக்கப்பட்டிருந்தால், அந்த நாட்டின் நள்ளிரவு நம் கடிகாரத்தில் எத்தனை மணிக்கு வருகிறது என்பதையும் முன்பே குறித்துவைப்பது நல்லது.

வேலை நாள்களை மட்டும் அறிய வேண்டுமானால் அதே வாரக் கணக்கு உதவும். சனி, ஞாயிறு விடுமுறை என்றால் மேற்கண்ட 11 வாரங்களில் 22 நாள் கழிகிறது. மிஞ்சிய புதனும் வியாழனும் வேலை நாள்களே. எனவே 79இல் 57 நிற்கிறது. நிகழ்வு நாளை நீக்கினால் 56. பொது விடுமுறைகள் இடையில் வந்தால் இதிலிருந்தும் கழிக்க வேண்டும்.