பேய் இருக்கும் இடத்தைத் தேடி அலையாதீர்கள்: மாணவர் திகில் குறும்படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் குறும்படம் எடுக்கலாம் என்று உட்கார்ந்தால், பேச்சு எப்படியாவது பேய்க்கதையில் வந்து நின்றுவிடும். காரணம் எளிது. இரண்டு நடிகர்கள், ஒரு வீடு, ஒரு ராத்திரி போதும் என்று தோன்றுகிறது. அப்புறம் லொக்கேஷன் வேட்டை தொடங்கும். பெரும்பாலான படங்கள் கெட்டுப்போவது அங்கேதான்.

நமக்குப் பயம் தந்த இடம் கேமராவிலும் பயம் தரும் என்று நம்புவதுதான் முதல் தவறு. தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். விபத்துக் கதைகள் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெயரே போதும். ஆனால் அந்தக் கதை எதுவும் லென்ஸுக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது லாரி ஹெட்லைட்டும் தடுப்புச் சுவரும்தான். ராத்திரி முழுக்க வண்டி இறங்கிக்கொண்டே இருக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஒரு வரி வசனம்கூடச் சுத்தமாகப் பதிவாகாது. பிரேக் பிடிக்காமல் லாரிகள் வரும் சரிவில் ட்ரைபாட் வைத்து நிற்பது பைத்தியக்காரத்தனம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளும் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் ரோடும் இன்னொரு ஆசை. அது யானை நடமாடும் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து. ராயக்கோட்டைக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு அங்கே இருக்கவே கூடாது, படம் எடுப்பதற்கு முன்அனுமதியும் வேண்டும்.

காவேரிப்பட்டணம் பக்கம் சொந்தக்காரர் ஒருவரின் மாந்தோப்பு வீடு கிடைத்தால் அது இவை எல்லாவற்றையும்விட நல்ல லொக்கேஷன். பிளக் பாயிண்ட் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா, நடிக்க வரும் பெண் உடை மாற்றக் கதவு சாத்தும் அறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாங்காய் சீசனில் மட்டும் வேண்டாம். காவல் ஆள், நாய், லோடு ஏற்ற வரும் வண்டி என்று தோப்பு தூங்கவே தூங்காது. எந்த நேரத்தில் ஷூட் செய்யப்போகிறீர்களோ, முன்கூட்டியே ஒருநாள் அதே நேரத்தில் போய், போனில் ஐந்து நிமிடம் சத்தத்தை மட்டும் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். பகலில் பார்த்துவிட்டு வந்த இடத்தை நம்பாதீர்கள்.

இருட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேய்ப்படம் என்றால் இருட்டு, இருட்டு என்றால் லைட் வேண்டாம் என்று நினைத்து, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றிவிடுகிறார்கள். எடிட்டிங்கில் பார்த்தால் கறுப்புக்குப் பதில் கொசு மொய்க்கும் சாம்பல் நிறம்தான் இருக்கும். ஃப்ரேமில் எங்கேயாவது வெளிச்சம் இருந்தால்தான் மீதி இடம் இருட்டாகத் தெரியும். நடிகருக்குப் பின்னால் தூரத்தில் ஒரு குண்டு பல்பு, பாதி திறந்த கதவு வழியாக ஒரு கீற்று, இவ்வளவே போதும். போனில் எடுப்பவர்கள் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கட்டாயம் லாக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நடிகர் இருட்டுக்குள் நுழைந்ததும் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், ஒளிந்திருக்கும் நண்பர் பளிச்சென்று தெரிவார். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பல்பு வெளிச்சம் படத்தில் மினுக்காமல் இருக்க ஷட்டரை 1/50 விநாடியில் வையுங்கள். விலை குறைந்த எல்இடி பல்புகள் சில அப்படியும் மினுக்கும். வாங்கும்போதே கேமராவில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

வெளிப்புற வைட் ஷாட்டுகளை நள்ளிரவில் எடுக்க முயல்வது வீண். ஒரு தோப்பு முழுவதையும் ஒளியூட்டும் லைட் எந்த மாணவரிடமும் இல்லை. சூரியன் மறைந்ததும் வானம் நீலமாக இருக்கும் நேரத்தில் அதை எடுங்கள். நம் பக்கம் அந்த வெளிச்சம் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், அவ்வளவுதான். எந்த ஷாட், எந்த லென்ஸ், யார் எங்கே நிற்பது என்பதை மதியமே முடிவு செய்து, ட்ரைபாடை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். க்ளோஸப்புகளை அப்புறம் நிதானமாக முழு இருட்டில் எடுத்துக்கொள்ளலாம். பகலில் எடுத்து இரவாகக் காட்டுவதும் ஒரு வழி: படம் நீலமாகத் தெரிய வைட் பேலன்ஸ் 3200 கெல்வின், எக்ஸ்போஷர் இரண்டு ஸ்டாப் குறைவு (கால் பங்கு வெளிச்சம்), வானம் ஃப்ரேமில் வரவே கூடாது.

இனி ஷாட்டுகள். கண், கால், தாழ்ப்பாள், மீண்டும் கண் என்று க்ளோஸப்பாக அடுக்குவது மாணவர் படங்களின் தீராத வியாதி. கதவு எந்தப் பக்கம், அடுப்படி எங்கே என்று தெரியாத வீட்டில் பார்ப்பவருக்குப் பயம் வராது, குழப்பம்தான் வரும். வைட் ஷாட்டில் தொடங்குங்கள். பாட்டி கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் கேழ்வரகு புடைக்கிறாள், பின்னால் புழக்கடைக் கதவு திறந்திருக்கிறது. பேத்தி வந்து ஏதோ கேட்டுவிட்டுப் போகிறாள். திரும்ப அதே ஃப்ரேமுக்கு வரும்போது பாட்டி புடைத்துக்கொண்டே இருக்கிறாள், கதவு சாத்தியிருக்கிறது. கேமரா நகரக் கூடாது, இசை கூடாது, கதவை நோக்கி ஜூம் கூடவே கூடாது. கவனித்தவர் கவனிக்கட்டும். பத்து விநாடி அந்த ஷாட்டை ஓடவிடத் தைரியம் வேண்டும். எடிட்டிங்கில் எல்லோரும் முதலில் வெட்டுவது அந்த விநாடிகளைத்தான்.

புதருக்குப் பின்னாலிருந்து கேமரா ஆடி ஆடி நகர்ந்தால் யாரோ பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அந்த 'யாரோ' கதையில் இல்லாவிட்டால் அந்த ஷாட் வேண்டாம். துரத்தும் காட்சியில் ஓடும் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டை (180 டிகிரி கோடு) கேமரா தாண்டினால் பேயும் பெண்ணும் எதிரெதிர்த் திசையில் ஓடுவது போல் இருக்கும், தியேட்டரே சிரிக்கும். ஃப்ரேமைச் சாய்த்து வைப்பது ஒரு படத்துக்கு ஒருமுறை போதும். பவுடர் பூசிய முகத்தை முழுதாகக் காட்டுவது அதைவிடக் குறைவாக இருந்தால் நல்லது.

நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு தவறும் உண்டு. வயலோரம் நிற்கும் நடுகல்லைக் கல்லறையாகக் காட்டி, அதன் பின்னாலிருந்து பேயை எழுப்புவது. பல ஊர்களில் அது வேடியப்பன், பொங்கல் வைத்துக் கும்பிடும் சாமி. அதன்மேல் செருப்புக் காலை வைத்து லைட் கட்டினால் ஊர் சும்மா இருக்காது, இருக்கவும் கூடாது. வேண்டுமானால் தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களைப் பார்த்துவிட்டு வந்து, தெர்மாகோலில் புதிதாக ஒரு கல்லைச் செய்துகொள்ளுங்கள். மங்கலான வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது.

கடைசியாகச் சத்தம். சில்வண்டு ஒரு ஷாட்டில் கத்தி அடுத்த ஷாட்டில் நின்றுபோனால் வெட்டு அப்பட்டமாகக் காதில் விழும். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நின்று இரண்டு நிமிடம் வெறும் சூழல் ஒலியைப் பதிவு செய்யுங்கள். இரைச்சல் வராமல் இருக்க ஃப்ரிட்ஜை அணைத்தால் பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், மறக்காமல் திரும்பப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவீர்கள். கோடையில் ஊரில் பாரதக் கூத்து எப்போது என்று விசாரித்துக்கொண்டு தேதி வையுங்கள். விடிய விடிய ஒலிபெருக்கி ஓடும் வாரத்தில் எந்தப் பேயும் வாயைத் திறக்க முடியாது. அலறல்களை ஷூட்டில் எடுக்காதீர்கள். நடிகை சத்தமில்லாமல் வாயைத் திறந்தால் போதும், குரலைப் பகலில் மூடிய அறையில் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண் அலறினால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் தடியோடு ஓடி வருவார்கள், அதனால் அவர்களிடமும் உள்ளூர் காவல் நிலையத்திலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.