சார்ஜ் டோர்ச்சை போன் சார்ஜரில் ஏற்றும்படி மாற்றுவது எப்படி?

மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் எங்கள் வீட்டில் சார்ஜ் டோர்ச் எப்போதும் பிளக்கிலேயே கிடக்கும். இரண்டு பின் உள்ளே போகாது என்பதால் மேல் ஓட்டையில் பேனையைக் குத்திச் செருகி வைப்போம். போன மாரியில் அந்த டோர்ச்சை எடுக்கப் போன அம்மாவுக்குக் கரண்ட் அடித்துவிட்டது. மூடி வெடித்திருந்த இடத்தில் விரல் பட்டிருக்கிறது.

பற்றரி 4 வோல்ட்தானே, எப்படி அடிக்கும் என்று கழற்றிப் பார்த்தேன். 230 வோல்ட்டைக் குறைத்துப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபோமரே உள்ளே இல்லை. 105ஜே, 400வி என்று எழுதிய ஒரு கெப்பாசிட்டர், கரண்டை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் 1என்4007 டயோட் நாலு, அவ்வளவுதான். அந்தக் கெப்பாசிட்டர் கரண்டை ஏறக்குறைய 70 மில்லி அம்பியருக்குக் குறைக்குமே தவிர, 230 வோல்ட்டைப் பற்றரியிலிருந்து பிரித்துவிடாது. செருகியிருக்கும்வரை உள்ளே எந்தக் கம்பியைத் தொட்டாலும் ஆபத்து. பற்றரி நிரம்பினாலும் சார்ஜ் நிற்காது. பற்றரி வீங்குவது இதனால்தான்.

இதை 5 வோல்ட் போன் சார்ஜருக்கு மாற்றிவிடலாம். தேவையானவை: 1என்5819 டயோட் ஒன்று, 6.8 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பழைய யூஎஸ்பி கேபிள், குறடு, சோல்டரிங் அயன், மல்டிமீட்டர்.

முதலில் பற்றரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 4 வோல்ட் லெட் அசிட் என்றால் மட்டும் தொடருங்கள். 3.7 வோல்ட் லித்தியம் என்றால் இந்த முறை வேண்டவே வேண்டாம். அதற்கு லித்தியம் பற்றரியைச் சார்ஜ் ஏற்றும் டிபி4056 போர்டுதான் சரி.

டோர்ச்சைப் பிளக்கிலிருந்து கழற்றி, இரண்டு பின்னுக்கும் குறுக்கே ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சில வினாடி பிடியுங்கள். ரெசிஸ்டரின் கம்பியில் விரல் படாமல் குறட்டால் பிடிக்க வேண்டும். கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். அப்புறம் திறந்து, பின்னிலிருந்து போர்டுக்குப் போகும் இரண்டு வயரையும் வெட்டிவிடுங்கள். பின்களையும் பிடுங்கி எடுத்துவிடுங்கள். இருந்தால் யாராவது பழக்கத்தில் செருகிவிடுவார்கள். போர்டைக் கழற்ற வேண்டாம், எல்ஈடிக்குப் போகும் வழி அதில்தான் இருக்கும்.

இனி கேபிளை வெட்டி, சார்ஜரில் செருகி, எந்த வயர் பிளஸ் என்று மல்டிமீட்டரில் பாருங்கள். வழக்கமாகச் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். ஆனால் மலிவான கேபிளில் நிறத்தை நம்ப முடியாது. பார்த்ததும் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும். பிளஸ் வயர், ரெசிஸ்டர், டயோட், பற்றரியின் பிளஸ் என்ற வரிசையில் வையுங்கள். டயோடில் உள்ள கோடு பற்றரிப் பக்கம் இருக்க வேண்டும். மைனஸ் நேராக மைனஸுக்கு.

பழைய 1என்4007ஐயே கழற்றிப் போடலாமே என்று தோன்றும். அது 0.6, 0.7 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும், மிச்சம் 4.4தான், பற்றரி நிரம்பாது. 1என்5819 எடுப்பது 0.2, 0.3 மட்டும். 4.7, 4.8 வரை ஏறும், இந்தப் பற்றரிக்கு அது போதும். ரெசிஸ்டர் இல்லாமல் இறங்கிய பற்றரியைப் போட்டால் முதலில் கரண்ட் அளவுக்கு மீறிப் பாயும்; 6.8 ஓம் அதை 130 மில்லி அம்பியர் அளவில் பிடித்து வைக்கும்.

நம்முடைய உப்புக் காற்றுக்கு ஈயம் வைத்த இடம் சீக்கிரம் பச்சை பிடிக்கும். ஒரு சொட்டு நெயில் பொலிஷ் பூசிக் காயவிட்டு மூடுங்கள்.

இரவில் செருகி, காலையில் கழற்றுங்கள், நாள்கணக்கில் விடாதீர்கள். கழற்றி ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் 4.2க்கு மேல் நிற்க வேண்டும். 3.5ஐக்கூடத் தாண்டவில்லை என்றால் பற்றரி முடிந்துவிட்டது, அதைத்தான் மாற்ற வேண்டும்.