ஸ்டீம் லைன், கேஸ் லைன் போடுறப்போ நம்ம பக்கம் திரும்பத் திரும்ப நடக்குற தப்புங்க

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாங்கூழ் யூனிட்ல புதுசா ஸ்டீம் லைன் போடணும்னா மொதல்ல வர்ற கேள்வி "எத்தன இன்ச் போடலாம்?"ங்கிறதுதான். ஃபேப்ரிகேட்டரும் பாய்லர் மேல இருக்குற மெயின் வால்வைப் பாத்துட்டு "ரெண்டு இன்ச் போதும் சார்"னு சொல்லிருவாரு. மணிக்கு எத்தன கிலோ ஸ்டீம், எந்த பிரஷர்ல போகுதுன்னு ரெண்டு பேருமே பேசுறதில்ல, எல்லாத் தப்பும் இங்கதான் ஆரம்பிக்குது.

ஒரு கிலோ எடை ஸ்டீம் 7 கிலோ பிரஷர்ல (அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ) சுமார் 0.24 கன மீட்டர் எடம் புடிக்கும், அதே ஸ்டீமை 3 கிலோவுக்கு இறக்கினா 0.47 ஆயிரும், அதாவது எடை அதேதான் ஆனா எடம் ரெண்டு மடங்கு. மணிக்கு ஒரு டன் போற ரெண்டு இன்ச் லைன்ல 7 கிலோவுல வேகம் செகண்டுக்கு 31 மீட்டர் பக்கம் வரும், ஓகே ஓட்டிறலாம். பிரஷரைக் குறைக்கிற வால்வு (பிஆர்வி) தாண்டின அப்புறமும் அதே ரெண்டு இன்ச்சையே இழுத்தா வேகம் 60 தொடும், சத்தம் காதைப் பொளக்கும், கடைசில இருக்குற ஸ்டெரிலைசருக்குப் பிரஷரே போய்ச் சேராது, அப்புறம் பாய்லர் சரியில்லன்னு பாய்லர்காரனைத் திட்டுவாங்க. பிஆர்விக்குப் பின்னாடி மூணு இன்ச் போட்டிருந்தா 27, 28லயே நின்னிருக்கும். சாதாரணமா 25ல இருந்து 35 மீட்டருக்குள்ள வச்சுக்கிட்டா போதும். அதுக்காக "எதுக்கும் இருக்கட்டும்"னு நாலு இன்ச், ஆறு இன்ச் போடுறதும் வேணாம், பைப் காசு, இன்சுலேஷன் காசு, அதுக்கு மேல தினமும் வெப்பம் வீணாகி உள்ள தண்ணிதான் அதிகமா ஊறும்.

அந்தத் தண்ணிதான் அடுத்த வில்லன். ராத்திரி நிறுத்தி காலைல மெயின் வால்வைச் சட்டுனு தொறந்தா டமார் டமார்னு அடிக்குதே, அது லைன்ல தேங்கின தண்ணியை ஸ்டீம் தள்ளிக்கிட்டுப் போய் எல்போல, அதாவது பைப் திரும்புற வளைவுல, மோதுற சத்தம், இதுல வால்வே ஒடஞ்சு ஆளுக்கு ஆபத்தாகும். லைன் ஸ்டீம் போற திசைல 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் கணக்குல சரிஞ்சு போகணும், 30ல இருந்து 50 மீட்டருக்குள்ள தண்ணி எறங்கிச் சேர்ற ஒரு டிரெய்ன் பாக்கெட்டும், ஸ்டீமை விடாம தண்ணியை மட்டும் வெளிய விடுற ட்ராப்பும் வேணும். பாக்கெட்டுன்னா மூணு இன்ச் பைப் அடியில அரை இன்ச் ஓட்டை போட்டு ட்ராப்பை மாட்டுறது இல்லைங்க, தண்ணி அந்த ஓட்டைக்கு மேலயே பறந்து போயிரும். லைன் சைஸுக்கே டீ (மூணு வழி இணைப்பு) போட்டு, கீழ ஒரு முழம் இறக்கி, அதோட பக்கத்துல இருந்து ட்ராப்புக்கு எடுக்கணும். கிளை லைன் எப்பவும் மேல இருந்து எடுங்க. பைப் சைஸைக் குறைக்கிற ரெட்யூசர் போடுறீங்கன்னா அடிப்பக்கம் சமமா இருக்குறது போடுங்க, ரெண்டு பக்கமும் சரியுறது போட்டா அடியில குட்டை கட்டும்.

பைப் நீளும்ங்கிறதையும் மறந்துடுறாங்க. 30 டிகிரில மாட்டுன லைன் 170 டிகிரிக்குப் போறப்போ 50 மீட்டருக்கு எட்டு சென்டிமீட்டருக்கு மேல நீளும், ரெண்டு முனையும் சப்போர்ட்டோட வெல்டு பண்ணியிருந்தா அது எங்க போகும்? சுவத்தோரம் இருக்குற ஃபிளாஞ்ச்ல (பைப்பை போல்ட் போட்டுச் சேர்க்குற எடம்) கசிவு, சீசனுக்கு சீசன் காஸ்கெட் மாத்துறது. பைப்பை வளைச்சு ஒரு லூப் போட்டு சப்போர்ட்ல நகர எடம் விட்டா தீந்துச்சு.

ஸ்டீம் குளிர்ந்து தண்ணியாகி திரும்பி வர்ற கண்டன்சேட் லைனை வெறும் தண்ணின்னு நெனச்சு சைஸ் போடக்கூடாது. 7 கிலோவுல இருந்து வெளிக்காத்து பிரஷருக்கு வந்தா 100 கிலோ தண்ணில 13 கிலோ மறுபடி ஸ்டீமா மாறிடும், எடத்துல முக்காலே மூணுவீசம் அதுதான் அடைச்சுக்கும். 3.5 கிலோவுக்கு மேல போற ஸ்டீம் லைன் ஐபிஆர்ல (இந்திய பாய்லர் விதிமுறை) வரும், பைப்பு, வால்வு சர்டிஃபிகேட்டை வாங்குறப்பவே வாங்கிருங்க, பழைய இரும்புக் கடைல எடுத்த பைப்புக்கு யாரும் பேப்பர் தரமாட்டாங்க.

ஓசூர் பக்கம் எல்பிஜில இருந்து நேச்சுரல் கேஸுக்கு மாறுறவங்க பழைய லைனே போதும்னு சொல்வாங்க. ஒரு கன மீட்டர் எல்பிஜில இருக்குற சூடு நேச்சுரல் கேஸ்ல பாதிகூட இல்ல. மணிக்கு 10 லட்சம் கிலோ கலோரி பர்னருக்கு எல்பிஜி 45 கன மீட்டர் ஆகும்னா நேச்சுரல் கேஸ் 115, 120 ஆகும். பர்னர்ல கேஸ் வர்ற நாசிலையும் மாத்தணும், லைனையும் திருப்பிக் கணக்குப் போடணும். அந்தக் கணக்குல எல்போவையும் சேருங்க, ரெண்டு இன்ச் எல்போ ஒண்ணு ஒன்றரை மீட்டர் பைப்புக்குச் சமம், பத்து எல்போன்னா 15 மீட்டர் ஆச்சு. 21 மில்லிபார்ல ஓடுற லைன்ல ரெண்டு மூணு மில்லிபார் போறதே பெருசு. பர்னர் ஓடாதப்போ கேஜ் பாத்தா எந்த லைனும் நல்லாத்தான் தெரியும், எல்லா பர்னரையும் ஒண்ணா ஃபுல்லா ஓட்டிட்டு கடைசி பர்னர் பக்கத்துல பாருங்க. அப்படியே கேஸ் டிடெக்டரையும் மேல ஏத்திருங்க, எல்பிஜி தரையோட கெடக்கும், நேச்சுரல் கேஸ் கூரைக்குப் போயிரும்.