செட்டிநாட்டு வாசலில் வெளிநாட்டு வணிகர்: அழைத்து வருவோர் சொல்லித்தர வேண்டியவை

ஆத்தங்குடிக் கல் என்னும் தரை ஓடு வாங்கவும், கண்டாங்கிச் சேலைக்கு ஒப்பந்தம் பேசவும், பழைய மரச்சாமான்களைப் பார்க்கவும் வெளிநாட்டினர் காரைக்குடிப் பக்கம் வருகிறார்கள். விலையையும் கப்பல் செலவையும் அவர்களுக்கு முன்கூட்டியே விளக்கிவிடும் நாம், வீட்டு வாசலில் நடந்துகொள்ளும் முறையைச் சொல்ல மறந்துவிடுகிறோம். பேச்சு முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் நேரம். பெரியவர்களைப் பார்ப்பதானால் ராகு காலத்தைத் தவிர்த்து நேரம் கேளுங்கள். திங்கள் காலை 7.30 முதல் 9 வரையும், வெள்ளி 10.30 முதல் 12 வரையும் முன்பணம் வாங்கப் பலர் தயங்குவார்கள். முன்பணம் 10,000 என்று பேசியிருந்தால் 10,001 ஆகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றியதும் வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக "வாங்க" என்று கேட்பார்கள். அதைக் காதில் வாங்காமல் அண்ணாந்து பர்மா தேக்குத் தூண்களைப் பார்த்துக்கொண்டே உள்ளே நடப்பவரை இவ்வூர் எளிதில் மன்னிப்பதில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கைகூப்பினால் போதும். பெண்களிடம் அவர்களாகக் கை நீட்டினாலன்றிக் கைகுலுக்க வேண்டாம். வயதான பெண்மணியை "ஆச்சி" என்று அழைக்கக் கற்றுக்கொடுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு முகம் மலர்வதை நீங்களே காண்பீர்கள்.

திண்ணையோடும் முகப்போடும் வந்தவர்கள் நின்றுகொள்ள வேண்டும். உள்முற்றமான வளவுக்குள் செல்வது வீட்டார் அழைத்த பிறகுதான். இதில் நான் மிகவும் வற்புறுத்தும் ஒரு செய்தி உண்டு. இங்குள்ள பெரிய வீடுகள் பலவும் ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல, பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவானவை. ஆகவே படம் எடுக்கவோ, ஒரு கதவையோ தூணையோ விலைக்குக் கேட்கவோ, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் தலையசைத்தால் மட்டும் போதாது. பங்காளிகள் எல்லாரும் இசைந்தார்களா என்று கேட்டறிய வேண்டும். வீடுகள் பிரிக்கப்பட்டுத் துண்டு துண்டாக விலை போவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்தக் கேள்வியைக் கேட்காமல் நடக்கும் வியாபாரம் மனத்தை வருத்துகிறது. சட்டமும் இதில் கண்டிப்பானது: நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. பொருளுக்குக் கை நீட்டும் முன்பே விருந்தினருக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்பார்கள். மறுக்க வேண்டாம், இலையின் முன் விலையைப் பேசவும் வேண்டாம். வலக்கையால் உண்டு, போதுமென்றால் இலைக்கு மேல் கையை மறித்துக் காட்டி, முடிந்ததும் இலையைத் தம் பக்கமாக மடிக்கச் சொல்லுங்கள். கவுனி அரிசி இனிப்பைக் கொஞ்சமாவது சுவைப்பது நல்லது.

பேச்சு தொடங்கிய பிறகு, "பார்க்கலாம்" என்ற சொல்லைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முகத்துக்கு நேரே மறுக்க மனம் வராதவர்கள் மறுப்பதற்கே அதைச் சொல்வதுண்டு. மறுநாள் நீங்கள் தனியாகச் சென்று கேட்டால் உண்மைக் காரணம் தெரியும். ஆத்தங்குடிக் கல்லுக்குக் கெடு குறிக்கும்போது, அது கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்திச் செய்யப்படுவது என்பதைப் பட்டறைக்கே அழைத்துச் சென்று காட்டுங்கள். மழைக்காலத்தில் அவசரப்படுத்துவது பயன் தராது என்பதும், ஒரு கல்லுக்கும் மற்றொன்றுக்கும் நிறம் சற்று மாறுவது குறையன்று என்பதும் அங்கே சொல்லாமலே விளங்கும்.

விடைபெறும்போது "போகிறேன்" என்று சொல்லக் கூடாது. "போயிட்டு வர்றேன்" என்பதைக் காரிலேயே நான்கைந்து முறை சொல்லிப் பழகவையுங்கள். உச்சரிப்பு பிசகினாலும், வாசல்வரை வந்து வழியனுப்பும் ஆச்சி "மகராசனாப் போயிட்டு வாங்க" என்பார்.