நாய், பூனைகளை உண்ணி, தெள்ளுப்பூச்சி, குடற்புழுவிலிருந்து காப்பது எப்படி?

முதல்முறையாக நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் பெரும்பாலும் உண்ணி கண்ணில் பட்ட பிறகுதான் மருந்தைத் தேட ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் வேலை இரட்டிப்பாகிவிடும். தெள்ளுப்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமத்துக்குள் ஓடும் வளர்ந்த பூச்சிகள் மொத்தக் கூட்டத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதியெல்லாம் முட்டை, புழு, கூட்டுப்புழு என்று விரிப்பிலும் சோபா இடுக்கிலும் தரை விரிசலிலும் கிடக்கும். குடற்புழுவோ வெளியே ஒரு அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆகவே தேதி பார்த்து மருந்து கொடுப்பதுதான் சரியான வழி. பூச்சி கண்ணில் படட்டும் என்று காத்திருந்தால் நாம் எப்போதும் பின்தங்கியே இருப்போம்.

படி 1: எடை பாருங்கள்

எல்லா மருந்தின் அளவும் எடையை வைத்துத்தான். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி நில்லுங்கள், அப்புறம் நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். குட்டிகளுக்கு மளிகை நிறுக்கும் சின்னத் தராசு போதும். வளரும் குட்டி என்றால் ஒவ்வொரு முறையும் புதிதாக எடை பாருங்கள். போன மாத எடை இந்த மாத மருந்துக்கு உதவாது.

கூடவே வயது, கர்ப்பமா, பால் கொடுக்கிறதா, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா, வீட்டில் வேறென்ன பிராணிகள் உண்டு என்பதையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். எந்த மருந்து ஒத்துவரும் என்பதை இந்தத் தாள்தான் முடிவு செய்யும்.

படி 2: தலை முதல் வால் வரை தேடுங்கள்

ரோமத்தை எதிர்த்திசையில் தள்ளி, தோல் தெரியும்படி பாருங்கள். உண்ணிக்குப் பிடித்த இடங்கள்: காது மடலின் உட்புறம், கால்விரல் இடுக்கு, அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி. மேலோட்டமாகத் தடவினால் விரல் இடுக்கில் இருப்பது கைக்குச் சிக்காது.

தெள்ளுப்பூச்சியை நேரடியாகப் பிடிப்பது கஷ்டம், அதன் எச்சத்தைப் பிடிப்பது சுலபம். நெருக்கமான பல் உள்ள சீப்பால் வால் அடியிலும் முதுகின் பின்பகுதியிலும் வாருங்கள். சீப்பில் வரும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டிச் சற்றுப் பொறுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது செரித்த இரத்தம். அதாவது பூச்சி இருக்கிறது. நிறம் கசியாவிட்டால் வெறும் அழுக்கு.

காதுக்குள் காப்பித்தூள் போலக் கருப்பாக உதிர்ந்து, பிராணி தலையை உதறிக்கொண்டே இருந்தால் காதுச் சிற்றுண்ணியாக இருக்கலாம். காது ஓரம், முழங்கை பகுதிகளில் முடி கொட்டி, விடாமல் சொறிந்தால் சொறி நோயைச் சந்தேகியுங்கள். இதில் ஒரு வகை மனிதருக்கும் அரிப்பைக் கொடுக்கும். இவை இரண்டையும் வீட்டில் ஊகித்து மருந்து போட வேண்டாம். மருத்துவர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லட்டும்.

படி 3: ஒட்டியிருக்கும் உண்ணியை எடுங்கள்

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கூர்முனை இடுக்கியால் உண்ணியை, உப்பிய வயிற்றில் அல்லாமல், தோலை ஒட்டிய தலைப்பக்கத்தில் பிடியுங்கள். வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக நேர்மேலே இழுங்கள். சில நொடிகளில் பிடி விடும். வாய்ப்பகுதி முறிந்து தோலிலேயே தங்கினால் ஊசியால் குடைய வேண்டாம், உடம்பே தள்ளிவிடும். அந்த இடத்தைச் சுத்தம் செய்து விட்டுவிடுங்கள். சின்னதாக ஒரு தடிப்பு சில நாள் இருக்கும்.

எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் கூடாது. தொந்தரவு செய்யப்பட்ட உண்ணி கடித்த இடத்துக்குள்ளேயே உமிழ்நீரைக் கூடுதலாகக் கக்கிவிடலாம். நோய்க்கிருமி அதன் வழியாகத்தான் போகிறது. எடுத்ததை விரலால் நசுக்காமல், ஸ்பிரிட் ஊற்றிய சின்னப் பாட்டிலில் போட்டு மூடுங்கள். இரத்தம் குடித்து முடித்த ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், தரையில் தவறவிட்டால் அது உங்கள் சுவர் இடுக்குக்குத்தான் போகும்.

படி 4: வெளிப்பூச்சிக்கு மருந்தைத் தேர்ந்தெடுங்கள்

மெல்லும் மாத்திரை, கழுத்தில் விடும் சொட்டு மருந்து, மருந்துப் பட்டை, ஸ்ப்ரே என்று பல வகை உண்டு. ஷாம்பு அன்றைக்கு இருக்கும் பூச்சியைக் கொல்லும், அதற்குமேல் அதிகம் எதிர்பார்க்க முடியாது. மாத்திரையில் சில வகை 1 மாதமும் சில வகை 3 மாதமும் வேலை செய்யும். வலிப்பு வந்த பிராணி என்றால் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளைத் தொடாதீர்கள்.

சொட்டு மருந்தில் பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான்: ரோமத்தின் மேல் ஊற்றிவிடுகிறார்கள். நாக்கு எட்டாத பிடரிப் பகுதியில் ரோமத்தை இரண்டு பக்கமும் விலக்கி, தோல் தெரிந்த பிறகு குழாய் முனையைத் தோலில் வைத்துப் பிழியுங்கள். முன்னும் பின்னும் 2 நாள் குளிப்பாட்ட வேண்டாம்.

பூனை வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். நாய்க்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் அதைத் தாங்கும், பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. உடல் நடுங்கி, வலிப்பு வந்து, உயிரே போகலாம். நாய்க்கு அதைப் போட்டிருந்தாலும் நன்றாகக் காயும்வரை பூனையை அதன்மேல் உரச விடாதீர்கள். பெரிய நாயின் மருந்தைப் பங்கு போட்டுப் பூனைக்கு விடும் சிக்கனமும் வேண்டாம். முயல் இருந்தால், அதற்கு ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி உள்ள மருந்து கூடாது.

'இயற்கை வைத்தியம்' என்று பூண்டு கொடுக்கச் சொல்வார்கள். பூண்டு நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைக்கும். டீ ட்ரீ எண்ணெயும் விஷம்தான். மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

படி 5: வீட்டையும் சேர்த்துப் பாருங்கள்

ஒரு பெண் தெள்ளுப்பூச்சி நாளுக்குச் சுமார் 40 முட்டை இடும். அவை ரோமத்தில் ஒட்டாது, பிராணி போகிற இடமெல்லாம் உதிரும். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வேக்குவம் கிளீனர் இருந்தால் சோபா மடிப்பு, கட்டிலின் அடி, சுவரோரம் எல்லாம் ஓட்டி, சேர்ந்த குப்பையை உடனே கட்டி வெளியே போடுங்கள்.

கூட்டுப்புழுவைப் பெரும்பாலான பூச்சிக்கொல்லிகள் எட்டுவதில்லை. அது மாதக்கணக்கில் சும்மா கிடந்து, அதிர்வும் வெதுவெதுப்பும் உணர்ந்ததும் வெளிவரும். அதனால் மருந்து போட்ட பிறகும் சில வாரங்கள் புதுப்பூச்சி தென்படும். 'மருந்து போலி' என்று நிறுத்திவிடாதீர்கள். வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும், சொறியாதவற்றுக்கும்தான், குறைந்தது 3 மாதம் இடைவிடாமல் தொடருங்கள்.

படி 6: குடற்புழு நீக்கம்

நாய்க்குட்டிகள் பல சமயம் உருளைப்புழுவோடுதான் பிறக்கின்றன. தாயின் தசையில் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள் கர்ப்பகாலத்தில் விழித்து, கருவிலிருக்கும் குட்டிக்குப் போகின்றன. பூனைக்குட்டிக்குப் பால்வழி போகிறது. அதனால்தான் நாய்க்குட்டிக்கு 2 வார வயதிலும் பூனைக்குட்டிக்கு 3 வார வயதிலும் தொடங்கி, பால்குடி மறந்து 2 வாரம் ஆகும்வரை 2 வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு 6 மாதம்வரை மாதம் ஒருமுறையும் கொடுப்பது வழக்கம். குட்டிக்குக் கொடுக்கும்போது தாய்க்கும் கொடுக்க வேண்டும். வளர்ந்தவற்றுக்குப் பொதுவாக 3 மாதத்துக்கு ஒருமுறை. வீட்டைவிட்டே போகாத பூனைக்கு மருத்துவர் இதைக் குறைக்கலாம்.

அட்டையில் என்ன மருந்து என்று பாருங்கள். பைரன்டெல் உருளைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் கொல்லும், நாடாப்புழுவைத் தொடாது. நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் வேண்டும். ஆசனவாயைச் சுற்றியோ படுக்கையிலோ உலர்ந்த அரிசி போல வெள்ளைத் துண்டுகள் கிடந்தால் அது நாடாப்புழு. பிராணி தன்னை நக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கித்தான் இதன் பொதுவான வகை உள்ளே போகிறது. ஆகவே படி 4, 5 இரண்டையும் விட்டுவிட்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் சில வாரத்தில் திரும்பி வரும்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தை நாய்க்குக் கொடுக்கும் துணிச்சல் வேண்டாம். கோலி போன்ற இனங்களில் பல நாய்களுக்கு மரபணு மாற்றத்தால் அது மூளைக்குள் புகுந்துவிடும்.

மருந்து கொடுத்து ஓரிரு நாளில் மலத்தில் புழு வந்தால் பயப்பட வேண்டாம். மலத்தைத் தினமும் அள்ளிவிடுங்கள். உருளைப்புழு முட்டை புதிய மலத்தில் தொற்றாது. மண்ணில் 2 வாரமாவது பக்குவப்பட வேண்டும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் வாய்க்கும் போகும். ஆண்டுக்கு ஓரிரு முறை அன்றைய மலத்தைச் சின்ன டப்பியில் கொண்டுபோய்ப் பரிசோதியுங்கள். ஜியார்டியா, காக்சிடியா போன்ற கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணிகள் சாதாரணப் பூச்சி மாத்திரைக்குப் போகாது.

படி 7: இதயப்புழு

கொசு கடித்துப் பரவும் இது, முதிர்ந்த பின் இதயத்திலும் நுரையீரல் தமனிகளிலும் குடியிருக்கும். உங்கள் பகுதியில் உண்டா என்று மருத்துவரைக் கேளுங்கள். உண்டென்றால் வளர்ந்த நாய்க்கு முதலில் இரத்தப் பரிசோதனை, அதன்பிறகே தடுப்பு மருந்து.

படி 8: எப்போது உடனே ஓட வேண்டும்

தேதிகளைப் போனில் நினைவூட்டலாகப் போட்டுவிட்டால் மீதி சுலபம். ஆனால் உண்ணி கடித்த சில வாரங்களில் காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, கருஞ்சிவப்புச் சிறுநீர் என்று எதைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். ஈறைப் பாருங்கள்: வெளுத்திருந்தாலோ, விரலால் அழுத்தி எடுத்த இடத்தில் 2 நொடிக்குள் நிறம் திரும்பாவிட்டாலோ அன்றே போக வேண்டும். சிறு குட்டிகள் தெள்ளுப்பூச்சியாலும் கொக்கிப்புழுவாலும் இரத்தம் இழந்தே இறந்துபோகலாம். மருந்து போட்ட பிறகு நடுக்கம், எச்சில் வடிதல் வந்தாலும் அப்படியே. போகும்போது மருந்தின் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.