கிராஸ்போ ஸ்கோப்பு: எத வாங்கலாம், 20, 30, 40 யார்டுக்கு எப்படி செட் பண்றது

கிராஸ்போங்கிறது துப்பாக்கி மாதிரி கட்டையில வில்ல படுக்க வச்சு அம்பு விடுறது, ஸ்கோப்பு அதுமேல மாட்டுற குறி பாக்குற கண்ணாடி. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது கனடா, அமெரிக்கான்னு லைசென்ஸ் எடுத்து சீசன்ல மான் வேட்டைக்கு போக முடியுற இடத்துல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு எழுதுறது. கூடலூர், லோயர்கேம்ப், குமுளின்னு இங்க உக்காந்து படிக்கிறவங்க மிளாவ மனசுல வச்சுகிட்டு படிக்காதீங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல கேஸ் விழுந்தா ஜெயிலுதான், அதுவும் நம்மளுது பெரியாறு புலிகள் காப்பகத்த ஒட்டுன ஊரு. இங்கிலாந்துல இருக்கிறவங்களுக்கும் இது ஆகாது, அங்க வில்லு, கிராஸ்போ ரெண்டுலயும் காட்டு மிருகத்த அடிக்கிறது 1981லயே தடை. அமெரிக்காவுலயும் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், ஒஹாயோல தாராளமா விடுவாங்க, ஓரிகான்ல கிராஸ்போ வச்சு வேட்டையே கூடாது. கனடாவுல ஒண்டாரியோ மாகாணத்துல மானுக்குன்னா நாண் இழுவை, அதாவது நாண இழுத்துப் பூட்ட வேண்டிய பலம், கொறஞ்சது 45 கிலோ இருக்கணும், சுமாரா 100 பவுண்டு. இன்னைக்கு கடையில வேட்டைக்குன்னு விக்கிறது பெரும்பாலும் அதுக்கு மேலதான்.

நான் ஒண்டாரியோ, சொந்த ஊரு கூடலூர். புதுசா அந்தப்பக்கம் வர்ற பசங்க ஃபோன் போட்டு கேக்கிறது ஒரே கேள்வி, "அண்ணே எந்த ஸ்கோப்பு வாங்கட்டும்?" ஸ்கோப்பு அப்புறம்டா தம்பி, மான் எத்தனை யார்டுல நிக்குதுன்னு உன்னால சொல்ல முடியுமா, அத மொதல்ல சொல்லு. அது தெரியலைன்னா ஆயிரம் டாலர் ஸ்கோப்பும் சும்மா கண்ணாடிதான்.

ஏன்னு கணக்கு போட்டா புரியும். செகண்டுக்கு 350 அடி வேகத்துல அம்பு விடுற ஒரு கிராஸ்போ, ஸ்கோப்பு அம்புக்கு ரெண்டரை இஞ்ச் மேல உக்காந்திருக்கு, 20 யார்டுக்கு, அதாவது 60 அடிக்கு சரியா செட் பண்ணியாச்சுன்னு வச்சுக்கோங்க. அதே புள்ளிய வச்சு 30 யார்டுல அடிச்சா அம்பு 3 இஞ்ச் கீழ போகும். 40ல கிட்டத்தட்ட 9 இஞ்ச். 50ல 17, 18 இஞ்ச். காத்து இழுக்கிறத நான் இதுல சேக்கல, சேத்தா இன்னும் கொஞ்சம் கூடும். இப்ப இதையே திருப்பி பாருங்க. 20 யார்டுன்னு நெனச்சது நெசமா 25னா ஒரு இஞ்ச்தான் தப்பும், ஒண்ணும் ஆகாது. ஆனா 40ன்னு நெனச்சது 45ஆ இருந்தா 3 இஞ்ச் கீழ. வெள்ளைவால் மானோட நெஞ்சுல, நுரையீரலும் இருதயமும் இருக்கிற இடம் 8லருந்து 10 இஞ்ச் அகலம்தான், நடுவுல குறி வச்சா ரெண்டு பக்கமும் 4, 5 இஞ்ச்தான் விளிம்பு. ஒரே அஞ்சு யார்டு தப்பு, கிட்டத்துல மன்னிச்சு விட்ரும், தூரத்துல அதோட கையும் லேசா ஆடுனா மானுக்கு காயத்த கொடுத்து காட்டுக்குள்ள ஓட விட்ரும்.

சரி, வாங்குற கதைக்கு வருவோம். மூணு ஜாதி இருக்கு. ஊசி மாதிரி பின் வச்ச சாதா சைட், கண்ணாடியில செவப்பு புள்ளி தெரியுற ரெட் டாட், அப்புறம் உள்ள தூரத்துக்கு தூரம் கோடு போட்ட ஸ்கோப்பு. பின் சைட்டு விலை கம்மி, ஒடஞ்சு போக ஒண்ணும் இல்ல, ஆனா அந்தி நேரத்துல கண்ணு தெரியாது, மானை பெருசாவும் காட்டாது. ரெட் டாட் ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சு சட்டுன்னு குறி பிடிக்க நல்லாருக்கும், ஒத்த புள்ளி உள்ளதுன்னா 30 யார்டுக்குள்ள வேட்டையாடுறவங்களுக்கு போதும், மூணு புள்ளி உள்ளது கொஞ்சம் மேல. என்னைக் கேட்டா மொதல் வாங்குறதே கோடு போட்ட ஸ்கோப்பா வாங்கிருங்க. வேகம் செட் பண்ற வளையம் உள்ளதா பாருங்க, 1.5-5x32ன்னு போட்டிருக்கும் (ஒன்றரைலருந்து அஞ்சு மடங்கு பெருசாக்கும், லென்ஸ் 32 மில்லி), அந்த வளையத்துல உங்க கிராஸ்போ வேகத்துக்கு திருப்பினா உள்ள இருக்கிற கோடுங்க 20, 30, 40, 50னு தானா பொருந்தி வரும். கார்மின் ஸீரோ எக்ஸ்1ஐ மாதிரி லேசர் உள்ளயே இருக்கிறதும் வந்துருச்சு, பட்டன அமுக்குனா தூரத்த அளந்து புள்ளிய அதுவே காட்டும், அருமையான சாமான்தான், விலையும் அப்படித்தான். ஆனா வில்லுல எலக்ட்ரானிக் சாமான் மாட்ட விடாத இடங்களும் இருக்கு, வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஏரியா வேட்டை ரூல் புத்தகத்த பாத்துக்கோங்க.

ரைஃபிள் ஸ்கோப்பு வீட்ல சும்மா கெடக்குதேன்னு அத மாட்டாதீங்க. அது 100 யார்டு தூரத்துக்குன்னு செஞ்சது, 20, 30 யார்டுல கண்ண லேசா நகத்துனாலே குறியும் நகரும், அதுபோக கிராஸ்போ நாண் விட்டதும் வர்ற குலுக்கல் வேற மாதிரி. உருப்பெருக்கத்துலயும் ஆசைப்பட வேணாம். 9x, 12x எல்லாம் இங்க எதுக்கு, மானோட முடிய எண்ணவா? ஒண்டாரியோல சூரியன் வர்றதுக்கு அரைமணி முன்னாடியிலருந்து மறைஞ்சு அரைமணி வரைக்கும் அடிக்கலாம், மான் நடமாட்டமும் அந்த மங்கல்லதான். 32 மில்லி லென்ஸ்ல 4x வச்சா கண்ணுக்கு 8 மில்லி வெளிச்ச வட்டம் வருது, 9xக்கு ஏத்தினா மூணரை மில்லிதான். கம்மி பவர்ல நல்லா தெரியிறத வாங்குறதுதான் புத்திசாலித்தனம்.

மாட்டுறதுல நெறைய பேர் கோட்டை விடுற இடம் ஒண்ணு, சாய்வு. ஸ்கோப்போட நேர் கோடு வில்லுக்கு நட்டமா நிக்கணும். இதுக்கு கொத்தனார் தூக்குக்குண்டு போதும், கயித்துல ஒரு நட்ட கட்டி செவத்துல தொங்க விட்டாலும் சரி. கிராஸ்போவ மட்டம் பாத்து ஸ்டாண்டுல இறுக்கி வச்சு, நாண் பூட்டாம, அம்பு போடாம, ஸ்கோப்பு வழியா அந்த கயித்த பாத்து நேர் கோட்ட அது மேல படிய வச்சு, அப்புறம் ஸ்குரூவ ஒரு பக்கமா முழுசா முறுக்காம மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும், இல்லேன்னா முறுக்குற வேகத்துலயே ஸ்கோப்பு திரும்பிக்கும். இதெல்லாம் ஓவர்னு தோணலாம். வில்லு 5 டிகிரி சாஞ்சாலே 40 யார்டுல 2 இஞ்சுக்கு மேல பக்கவாட்டுல போயிரும். கிட்டத்துல தெரியவே தெரியாது, அதான் ஆள ஏமாத்துறது.

இப்ப ஜீரோ பண்றது, அதாவது குறி வச்ச இடத்துலயே அம்பு விழுற மாதிரி ஸ்கோப்ப திருத்துறது. நேரா 20க்கு போகாதீங்க, 10 யார்டுல ஆரம்பிங்க, அங்க ஒழுங்கா அட்டையில விழ வச்சுட்டு 20க்கு போங்க. மண்ணு மூட்டையோ ஷூட்டிங் பேக்கோ, மேசையில வச்சு அசையாம அடிக்கணும், கையில பிடிச்சு அடிச்சா தப்பு ஸ்கோப்போடதா உங்களோடதான்னே தெரியாது. வேட்டைக்கு எடுத்துட்டு போற அதே எடை அம்பு, அதே எடை முனை. மூணு அம்பு விடுங்க, மூணுக்கும் வேற வேற புள்ளிய குறியா வைங்க, ஒரே புள்ளியில விட்டா ரெண்டாவது அம்பு மொத அம்போட பின்னாடியே சொருகி ரெண்டும் போச்சு. ஒரு அம்ப பாத்துட்டு உடனே டரட்ட, அதாவது ஸ்கோப்பு மேலயும் பக்கத்துலயும் குறிய நகத்துற திருகுகள, திருப்பாதீங்க, மூணும் குறியிலருந்து எவ்வளவு தள்ளிருக்குன்னு பாத்து நடுவ எடுத்துதான் திருப்பணும்.

எத்தனை கிளிக்? டரட்டுல கால் எம்ஓஏன்னு (கோண அளவு) போட்டிருந்தா 100 யார்டுல ஒரு கிளிக்குக்கு கால் இஞ்ச். 20 யார்டுங்கிறது அதுல அஞ்சுல ஒரு பங்கு, அப்ப ஒரு கிளிக் இஞ்ச்ல இருபதுல ஒரு பங்குதான், ஒரு இஞ்ச் நகர 20 கிளிக் வேணும். அரை எம்ஓஏன்னா 10. நாலஞ்சு கிளிக் திருப்பிட்டு "ஸ்கோப்பு வேலையே செய்யல"ன்னு சொல்றவங்க இந்த கணக்கு தெரியாதவங்கதான். டரட்டுல இருக்கிற அம்புக்குறி, அம்பு விழுற இடம் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம். அம்பு கீழ எடதுல விழுதுன்னா மேலயும் வலதும் திருப்பணும், அவ்வளவுதான். நடுவுல ஒண்ணு, முன்னாடி தாங்கிப் பிடிக்கிற கையோட விரல் நாண் ஓடுற பாதைக்கு மேல வரக் கூடாது, அம்பு இல்லாம வெறும் நாணையும் விடக் கூடாது, வில்லே பிளந்துரும்.

20 முடிஞ்சதும் 40க்கு போய் 40 கோட்ட வச்சு அடிங்க. பெட்டியில போட்டிருக்கிற வேகத்த நம்பாதீங்க, அது கம்பெனிக்காரன் அவனோட லேசான அம்ப வச்சு அளந்தது. உங்க அம்பு கனமா இருந்தா வேகம் கொறையும். 40ல மேல விழுந்தா வேக வளையத்த கூடுதல் எண்ணுக்கு திருப்புங்க, கீழ விழுந்தா கம்மி எண்ணுக்கு. இங்க டரட்ட தொடவே கூடாது, தொட்டா 20 போயிரும். 40 சரியானதும் திரும்ப 20, 30 ரெண்டையும் ஒருதடவ அடிச்சு பாத்துருங்க. கடைசியா வேட்டை முனை, அந்த பிளேடு வச்சது. பயிற்சி முனையும் அதுவும் ஒரே 100 கிரெய்ன் எடையா இருந்தாலும் ஒரே இடத்துல விழும்னு எழுதி வைக்கல. பிளேடு விரிஞ்சே நிக்கிற வகை காத்த பிடிக்கும், தள்ளிப் போகலாம். மடங்கி இருந்து படும்போது விரியுற வகை பெரும்பாலும் பயிற்சி முனைகூட ஒட்டிப் போகும். எதுவானாலும் அதுக்குன்னு இருக்கிற டார்கெட்டுல அடிச்சு பாத்துட்டுதான் காட்டுக்கு.

இப்ப நான் மொதல்ல சொன்ன தூரம். இத பழக கிராஸ்போவே வேணாம், நம்ம ஊர்லயே பழகலாம். லீவுக்கு வந்தப்ப தூரம் அளக்கிற லேசர் ரேஞ்ச்ஃபைண்டர மட்டும் பையில போட்டுட்டு வந்தேன், மாமாவோட திராட்சை தோட்டத்துல பந்தலுக்கு கல்லு நட்டிருக்கிறது வரிசையா போகும்ல, அதுல ஒரு கல்ல காட்டி எவ்வளவு தூரம் மாமான்னு கேட்டேன். "ஒரு 40 இருக்கும் மாப்ள"ன்னாரு. அமுக்குனா 31. அவரு அந்த தோட்டத்துல பொறந்து வளந்தவரு. பந்தலுக்கு அடியில நெழலு, கல்லு வரிசை குறுகிகிட்டே போற மாதிரி தெரியுது, கண்ணு அத தூரம்னு எடுத்துக்குது. அதே மாமா வெட்டவெளி வயல்ல, நடுவுல ஒண்ணுமே இல்லாத எடத்துல, 50 யார்ட 35ன்னாரு. காட்டுக்குள்ளயும் இதேதான், இருட்டு மரத்துக்குள்ள நிக்கிறது தூரமா தெரியும், வெட்டவெளியில கிட்டமா தெரியும். தெனம் நடக்கிறப்ப ஒரு மரத்த, ஒரு கரண்ட் கம்பத்த பாத்து மனசுக்குள்ள ஒரு எண் சொல்லிட்டு அப்புறம் லேசர்ல பாருங்க, கண்ணு சீக்கிரம் வழிக்கு வரும்.

நம்ம ஊரு ஆளுங்களுக்கு இன்னொரு தொந்தரவும் இருக்கு. தேக்கடி போட்ல போறப்ப கரையில தண்ணி குடிக்கிற மிளாவ பாத்து பழகுன கண்ணு நம்மளுது, அது தோளு வரைக்கும் நாலரை அடி வரும். வெள்ளைவால் மான் மூணு அடி சொச்சம்தான், புள்ளிமான் சைசு. மிளா அளவ மனசுல வச்சு பாத்தா கிட்ட நிக்கிறதும் தூரமா தோணும், மேல் கோட்டுக்கு பதிலா கீழ் கோட்ட வச்சு முதுகுக்கு மேல விட்ருவீங்க. அளவு பழகணும்னா புள்ளிமான பாத்து பழகுங்க.

அடுத்து சரிவு. லோயர்கேம்ப்லருந்து குமுளி ஏறுற மலைப்பாதை மாதிரி இடத்துல நின்னு கீழ பாத்து அளந்தா லேசர் காட்டுறது சாய்வு தூரம், அம்பு கீழ இறங்குறது கிடைமட்ட தூரத்துக்குதான். 30 டிகிரி சரிவுல 30 யார்டுன்னு காட்டுனா குறி வைக்க வேண்டியது 26க்கு. 45 டிகிரின்னா 21க்கு. மேல பாத்து அடிச்சாலும் கீழ பாத்து அடிச்சாலும் ரெண்டுலயும் அம்பு மேலதான் போகும், இத நம்ப மறுக்கிறவங்க நெறைய. ஆனா 20 அடி உயர மரப் பரணுல உக்காந்துட்டு இதுக்காக மண்டைய ஒடைச்சுக்க வேணாம், 20 யார்டுல நிக்கிற மானுக்கு லேசர் 21 காட்டும், அவ்வளவுதான் வித்தியாசம். சாய்வ கழிச்சு காட்டுற ரேஞ்ச்ஃபைண்டர் மலை ஓடை ஏரியாக்காரங்களுக்கு காசுக்கு பிரயோஜனம்.

ஸ்கோப்புல 50, 60 கோடு இருக்குன்னு 50ல அடிக்கணும்னு இல்ல. நான் 40க்கு மேல அடிக்க மாட்டேன், காரணம் குறி இல்ல, சத்தம். நாண் விட்ட சத்தம் செகண்டுக்கு 1100 அடி போகும், அம்பு 350. 40 யார்டுல சத்தம் போய் சேந்து கால் செகண்டு கழிச்சுதான் அம்பு வரும், அந்த நேரத்துல மான் ஓடுறதுக்காக உடம்ப கீழ அமுக்கும், அம்பு முதுகுக்கு மேல. 20 யார்டுல அந்த இடைவெளி பாதிதான். காத நிமித்தி வச்சு நம்ம பக்கமே பாத்துகிட்டு நிக்கிற மான்னா 30க்கே யோசிங்க.

நவம்பர் குளிர்ல பேட்டரி படுத்துரும். வெளக்கு எரியலைன்னாலும் கருப்பு கோடு தெரியுற ரெட்டிகிளா (ஸ்கோப்புக்குள்ள இருக்கிற குறிக்கோடு) வாங்கியிருந்தா கவலை இல்ல, ஸ்பேர் சிஆர்2032 ஒண்ண உள் பாக்கெட்டுல உடம்பு சூட்டோட வச்சுக்கோங்க. வெளிய குளுந்து கெடந்த ஸ்கோப்ப சூடான காருக்குள்ள கொண்டு வந்தா லென்ஸ்ல பனி மூடும், அதனால முன்னாடியே வண்டி டிக்கியில குளுரவே வச்சிருங்க. ஸ்கோப்ப பிடிக்கிற வளையத்துக்கும் அது உக்கார்ற ரெயிலுக்கும் சேத்து ஒரு வெள்ளை பெயிண்ட் பேனாவுல சின்ன கோடு இழுத்து விட்டா, ஸ்குரூ தளந்து நகந்திருந்தா பாத்ததும் தெரிஞ்சிரும். பயணம் முடிஞ்சு எறங்குனா, கீழ ஒருதடவ விழுந்தா, நாண் மாத்துனா, வேட்டைக்கு முந்தின நாளு 20 யார்டுல ஒரு அம்பு, 40ல ஒரு அம்பு.